மூச்சுக்காற்று எங்கே எரிகிறது?

1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாரிஸ் நகரில் வேதியியலாளர் லவாய்சியரும் கணித அறிஞர் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தார்கள். அந்த விலங்கு வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்று கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட நெருங்கி வந்தன. சுவாசம் என்பது சுடர் இல்லாமல் மெதுவாக நடக்கும் எரிதல்தான் என்று லவாய்சியர் முடிவுசெய்தார். அந்த முடிவு இன்றும் நிற்கிறது. அந்த எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று அவர் கருதியதுதான் நிற்கவில்லை. உடல் முழுவதற்குமான வெப்பம் அந்த ஓர் உறுப்பில் மட்டும் உண்டாவதாக இருந்தால் நுரையீரல் வெந்து வறண்டுபோக வேண்டாமா என்று, அவர் காலத்திலேயே லக்ராஞ்சு என்ற கணித அறிஞர் ஐயம் எழுப்பினார். அந்த ஐயம் நியாயமானது என்று உறுதிப்பட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பள்ளிப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதிய பலருடைய மனத்தில் இன்றும் இருப்பது லவாய்சியர் வரைந்த படம்தான். ஆக்சிஜன் உள்ளே போகிறது, நுரையீரலில் ஏதோ நடக்கிறது, கரியமில வாயு வெளியே வருகிறது என்ற அளவில் அது முடிந்துவிடும். உண்மையில் பாலூட்டிகளின் உடலில் இரண்டு வேலைகள் வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவது ஒன்று. அதை மூச்சுவிடுதல் என்போம். உணவை ஆக்சிஜனின் துணையோடு சிதைத்து ஆற்றலைப் பெறுவது மற்றொன்று. அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பதால் செல் சுவாசம் எனப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜனும், 21 விழுக்காடு ஆக்சிஜனும், 0.04 விழுக்காடு கரியமில வாயுவும் இருக்கின்றன. வெளிவிடும் காற்றில் ஆக்சிஜன் 16 விழுக்காட்டுக்குக் குறைந்து, கரியமில வாயு 4 விழுக்காட்டுக்கு உயர்ந்திருக்கும். உள்ளே போன ஆக்சிஜனில் கால் பங்கு அளவைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது, மீதி முக்கால் பங்கும் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. மூச்சு நின்றுபோனவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிவது இதனால்தான். ஊதுபவர் விடும் மூச்சில் இன்னோர் உடலுக்குப் போதுமான ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது.

மூக்கு வழியாக நுழையும் காற்று அங்கே சூடாகி, ஈரமாகி, தூசி பெருமளவு நீங்கித் தொண்டைக்கு வருகிறது. தொண்டையில் காற்றும் உணவும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்ப, குரல்வளை மூடி அதன் வாயை அடைத்துக்கொள்கிறது. சாப்பிடும்போது பேசிச் சிரித்தால் அந்த ஒழுங்கு தவறி ஒரு பருக்கை குரல்வளைக்குள் நுழையப் பார்க்கும். அதைத்தான் புரையேறுதல் என்கிறோம். ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று தலையில் தட்டுவதற்குள், இருமல் அந்தப் பருக்கையை வெளியேற்றியிருக்கும்.

இதற்கு அப்பால் உள்ள அமைப்பைப் படத்தில் பார்ப்பதைவிட ஆட்டுக்கறிக் கடையில் பார்ப்பது நல்லது. ஆடும் பாலூட்டிதான், அதன் மூச்சு உறுப்புகளின் அமைப்பு அடிப்படையில் நம்முடையதைப் போன்றதே. நுரையீரலை மூச்சுக்குழலோடு சேர்த்து வாங்கினால், குழலின் மீது விரலை ஓட்டிப் பார்க்கலாம். வளையம் வளையமாகக் குருத்தெலும்பு தட்டுப்படும். ஆனால் அவை முழு வளையங்கள் அல்ல, பின்பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கம் உணவுக்குழலை ஒட்டி இருக்கிறது. குழல் ஒடுங்கிவிடாதபடி முன்பக்கம் குருத்தெலும்பு தாங்குகிறது, மென்மையான பின்பக்கம் உணவுக் கவளம் இறங்கும்போது கொஞ்சம் இடம் கொடுக்கிறது. குழலைக் கத்தரித்துக்கொண்டே கீழே போனால் அது இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி பிரியும், சிறிது தூரத்தில் குருத்தெலும்பும் மறைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களாகிவிடும். மனித நுரையீரலில் இப்படிச் சுமார் 23 முறை கிளை பிரிகிறது. கடைசியாக, நுரையீரலில் ஒரு துண்டையும் கல்லீரலில் ஒரு துண்டையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கல்லீரல் மூழ்கும், நுரையீரல் மிதக்கும். இறந்த பிறகும் அதற்குள் காற்று தங்கியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான். எவ்வளவு அழுத்தி மூச்சை வெளியேற்றினாலும் வளர்ந்த மனிதரின் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சியே இருக்கும்.

அந்தத் துண்டைக் கையில் வைத்து அழுத்தினால் இன்னொன்றும் தெரியும். அது பஞ்சு போல் அமுங்கி மீள்கிறதே தவிர, தானாக விரியும்படியான சதைப்பற்று அதில் எதுவும் இல்லை. நுரையீரல் காற்றை இழுப்பதில்லை, அது விரிக்கப்படுகிறது. விரிப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத்தகடும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் ஆகும். ஓய்வில் இருக்கும் உதரவிதானம் மேல்நோக்கிக் குவிந்த கூரை போல இருக்கிறது. சுருங்கும்போது அது தட்டையாகிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலும் வெளியுமாக எழுகின்றன. நெஞ்சறையின் கொள்ளளவு கூடுகிறது. கொள்ளளவு கூடினால் உள்ளே அழுத்தம் குறையும், குறைந்த இடத்தை நோக்கி வெளிக்காற்று பாயும். அமைதியான மூச்சுக்கு வேண்டிய அழுத்த வேறுபாடு மிகச் சிறியது. வெளியே 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருந்தால் உள்ளே 759 ஆனாலே போதும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தால், இறங்கிவரும் உதரவிதானம் குடலை முன்னே தள்ளுவதைக் கை உணரும்.

அமைதியாக மூச்சை வெளிவிடுவதற்குத் தசை எதுவும் வேலை செய்ய வேண்டியதில்லை. இழுத்துப் பிடித்த தசைகள் தளர்ந்தவுடன், விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடுகிறது. இருமும்போதும், பாடும்போதும், ஓடும்போதும்தான் வயிற்றுத் தசைகள் துணைக்கு வருகின்றன. இப்படி எப்போதும் சுருங்கத் துடிக்கும் நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்திருப்பது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரட்டை உறையும் அதற்குள் உள்ள மெல்லிய நீர்ப்படலமும் ஆகும். அந்த இடைவெளியின் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. கத்திக்குத்து போன்ற காயத்தால் நெஞ்சுச் சுவரில் ஓட்டை விழுந்தால் காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்துவிடும். நுரையீரலில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் அது சுருங்கிப்போய்விடும்.

முழுமையான தசை உதரவிதானம் பாலூட்டிகளுக்கே உரியது. தவளை தன் தொண்டைத் தசையால் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது, பறவை காற்றுப்பைகளைக் கொண்டு நுரையீரல் வழியே காற்றை ஒரே திசையில் செலுத்துகிறது. பறவையின் ஏற்பாடு நம்முடையதைவிடத் திறமையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாலூட்டிகளில் காற்று போன வழியே திரும்பி வருவதால் ஒவ்வொரு மூச்சிலும் ஒரு பகுதி வீணாகிறது. வளர்ந்தவர் ஓய்வில் இழுக்கும் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர், மூக்கிலும் குழல்களிலுமே நின்றுவிட்டு, எதற்கும் பயன்படாமல் வெளியேறிவிடும்.

இந்த 150 மில்லிலிட்டரைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லிலிட்டர் இழுப்பவருக்கு 6 லிட்டர் காற்று உள்ளே போகிறது, அதில் 4.2 லிட்டர் பயன்படும் இடத்தைச் சென்றடைகிறது. இன்னொருவர் 24 முறை 250 மில்லிலிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படும் இடத்தை அடைவது 2.4 லிட்டர் மட்டுமே. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சுவிடும் நோயாளியைக் கண்டால் மருத்துவர்கள் கவலைப்படுவதற்கு ஒரு காரணம் இந்தக் கணக்கு. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு முந்நூறு முறைக்கு மேல் இரைக்கும் நாய் இதே கணக்கைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அதன் நோக்கம் ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விப்பது. பெரும்பாலும் வாயிலும் குழல்களிலும் உள்ள காற்றை மட்டும் அது போய்வரச் செய்வதால், ரத்தத்தின் வாயு அளவுகள் அதிகம் குலைவதில்லை.

பயன்படும் இடம் என்று சொன்னது காற்று நுண்ணறைகளை. நுண்குழல்களின் முனையில் கொத்துக்கொத்தாக இருக்கும் இவற்றின் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். மனிதரின் இரு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அவற்றின் பரப்பை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய அடுக்ககக் குடியிருப்பின் தரைப்பரப்பு. ஒவ்வொரு நுண்ணறையின் மீதும் ரத்தத் தந்துகிகள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் தடிமன், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. நுண்ணறைக் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம், வந்துசேரும் ரத்தத்தில் 40. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் தானாகவே பரவுகிறது, கரியமில வாயு எதிர்த்திசையில் பரவுகிறது. ஒரு சிவப்பணு இந்தத் தந்துகியைக் கடக்க ஏறத்தாழ முக்கால் நொடி ஆகும். அதில் முதல் கால் நொடிக்குள்ளேயே பரிமாற்றம் முடிந்துவிடுகிறது. ஓடும்போது ரத்தம் விரைந்து பாய்ந்தாலும் வேலை கெடாததற்கு இந்த உபரி நேரம் கைகொடுக்கிறது.

வெறும் பரவல் மட்டுமே இவ்வளவையும் செய்துவிடுமா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களுக்கே இருந்தது. கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் போர், நுரையீரல் ஆக்சிஜனை ஒரு சுரப்பி போல முனைந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று வாதிட்டார். (அணுக்கொள்கையால் புகழ்பெற்ற நீல்ஸ் போர் இவருடைய மகன்.) அவரிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் குரோக், தம் மனைவி மரீ குரோக்குடன் சேர்ந்து துல்லியமான அளவீடுகள் செய்து, பரவலே போதும் என்று 1910இல் நிறுவினார். ஆசிரியரை மறுக்க நேர்ந்ததில் அவருக்குச் சங்கடம் இருந்தது, அளவீடுகளோ அவர் பக்கம் இருந்தன.

இந்த நுண்ணறைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. உட்சுவர் ஈரமாக இருப்பதால் நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சுருக்கி ஒட்டவைக்கப் பார்க்கும். அறை சிறிதாகச் சிறிதாக இந்த இழுப்பு கூடும். இதைத் தடுக்க நுண்ணறைச் சுவரில் உள்ள சில செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரந்து பூசிவைக்கின்றன. கருவில் இருக்கும் குழந்தைக்கு இது போதிய அளவு உண்டாக ஏழரை, எட்டு மாதமாவது ஆக வேண்டும். அதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் பலவற்றுக்கு மூச்சுத்திணறல் ஏற்படுவது இந்தப் பூச்சு போதாமையால்தான் என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜீர் மீடும் காட்டினார்கள். காரணம் தெரிந்தாலும் மருந்து உடனே வரவில்லை. 1963 ஆகஸ்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஆண் குழந்தை இதே நோயால் இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்துபோயிற்று. நாட்டின் மிகச்சிறந்த மருத்துவர்களாலும் எதுவும் செய்ய முடியவில்லை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமாகும் என்று நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் 1972இல் வெளியிட்டார்கள். லிக்கின்சுக்கு இந்த எண்ணம் செம்மறியாடுகளில் செய்த ஆய்விலிருந்து வந்தது. இன்று அந்த ஊசி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. செயற்கைப் பூச்சுப்பொருளைக் குழந்தையின் மூச்சுக்குழல் வழியே நேரடியாகச் செலுத்துவதும் பின்னர் நடைமுறைக்கு வந்தது.

ரத்தத்துக்குள் வந்த ஆக்சிஜன் அதில் கரைந்தே போய்ச் சேரலாமே என்றால், அது நடவாது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரையும். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் அதே அளவு ரத்தத்தில் 20 மில்லிலிட்டரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றும். முதல் மூலக்கூறு ஒட்டியவுடன் புரதத்தின் வடிவம் சற்றே மாறி அடுத்தவை ஒட்டுவது எளிதாகிறது. அதனால் அது நுரையீரலில் வேகமாக நிரம்புகிறது. தசையில் கரியமில வாயுவும் அமிலமும் மிகுந்திருக்கும் இடத்துக்கு வந்தால் பிடி தளர்ந்து ஆக்சிஜனை விட்டுவிடுகிறது. இந்தத் தளர்ச்சியை 1904இல் விளக்கியவர்களுள் முதன்மையானவர், மேலே தோற்றுப்போன அதே கிறிஸ்டியன் போர். அது இன்றும் அவர் பெயராலேயே போர் விளைவு என வழங்குகிறது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துசேர்ந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் அளப்பது இந்த நிரம்பலைத்தான். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபின் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று கணிக்கிறது. நலமாக உள்ளவருக்கு அது 95க்கு மேல் காட்டும். 90க்குக் கீழே போனால் ஏன் பதறுகிறார்கள் என்றால், நிரம்பலுக்கும் ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை. அழுத்தம் 100இலிருந்து 60 வரை இறங்கினாலும் நிரம்பல் 97இலிருந்து 90க்குத்தான் வரும். அதற்குக் கீழே சறுக்கல் செங்குத்தாகிவிடும். ஆழமாக மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ஏற்கெனவே 97 நிரம்பியிருக்கும் இடத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? மூச்சுப்பயிற்சியால் மனம் அமைதியடைவதாகச் சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை, ஆக்சிஜன் கணக்கை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஹீமோகுளோபினுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அதே இரும்பைப் பற்றிக்கொள்ளும். குளிருக்காக அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கியவர்களும், மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடவிட்டவர்களும் இறந்த செய்திகள் வரும்போதெல்லாம் காரணம் இந்த வாயுதான். அதற்கு மணமும் நிறமும் கிடையாது. சாதாரண ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாந்துபோய் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது லவாய்சியர் தேடிய இடத்துக்கு வந்துவிட்டோம். தந்துகியிலிருந்து செல்லுக்குள் பரவும் ஆக்சிஜன், மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் நுழைகிறது. உணவிலிருந்து வந்த குளுக்கோஸ் அதற்கு முன்பே செல்லின் திரவத்தில் இரண்டாக உடைக்கப்பட்டிருக்கும். அந்த முதல் உடைப்புக்கு ஆக்சிஜன் தேவையில்லை, கிடைக்கும் ஆற்றலும் குறைவு. நூறு மீட்டர் ஓட்டத்தில் தசை பெரிதும் அதை நம்பித்தான் ஓடுகிறது, லாக்டிக் அமிலம் சேர்வதும் அப்போதுதான். உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனபின், ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் கண்டறிந்த வேதிச் சுழற்சியில் சிக்கிப் படிப்படியாகப் பிரிகின்றன. அவற்றின் கார்பன் கரியமில வாயுவாகக் கழிகிறது. அவற்றிலிருந்து பறிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் உட்சவ்வில் வரிசையாக உள்ள புரதங்களின் வழியே கைமாறிச் செல்கின்றன. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். வாங்கியவுடன் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பனோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியே வருகிறது என்று எல்லோரும் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறோம். அது சரியன்று. இழுத்த ஆக்சிஜன் நீராகிறது. வெளிவரும் கரியமில வாயுவில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும், சுழற்சியில் கலந்த நீரிலிருந்தும் வந்தவை. மொத்தக் கணக்கை எழுதும்போது மட்டும் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுவதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

எலக்ட்ரான்கள் கைமாறும்போது விடும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் ஒருபக்கம் குவிக்கின்றன. அவை திரும்பிப் பாயும் வேகத்தில் ஒரு புரதச் சுழலி சுற்றி, ஏ.டி.பி. என்ற மூலக்கூறை உண்டாக்குகிறது. பீட்டர் மிட்சல் 1961இல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குளுக்கோஸிலிருந்து 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைப்பதாக இன்றைய கணக்கு, பழைய பாடநூல்களில் 36, 38 என்று இருக்கும். தசை சுருங்குவதற்கும் நரம்பு துடிப்பதற்கும் செலவாவது இந்த ஏ.டி.பி.தான். சேமித்து வைக்கும் வழக்கம் இல்லாததால், ஒரு நாளில் நாம் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யின் அளவு ஏறக்குறைய நம் உடல் எடைக்குச் சமமாக இருக்கும்.

எரிதல் எங்கே நடக்கிறது என்பதற்குக் கொடூரமான சாட்சி சயனைடு. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசிப் புரதத்தை அது முடக்கிவிடுகிறது. நுரையீரலுக்குப் பழுதில்லை, ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறது, சிரை ரத்தம்கூட ஆக்சிஜன் குறையாமல் பளிச்சென்ற சிவப்பாகத் திரும்பி வருகிறது. ஆனாலும் மனிதர் மூச்சுமுட்டிச் செத்தவரைப் போலவே சாகிறார். வந்த ஆக்சிஜனைச் செல்லால் பயன்படுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

செல்லில் உண்டான கரியமில வாயு வந்த வழியே திரும்புகிறது. அதில் சுமார் 70 விழுக்காடு சிவப்பணுக்களில் உள்ள ஒரு நொதியின் உதவியால் பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் கரைந்து பயணம் செய்து, நுரையீரலில் மீண்டும் வாயுவாகிறது. உடல் எடை குறையும்போது கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையில் போகிறது, கழிவில் போகிறது என்றெல்லாம் பதில் வரும். ஆஸ்திரேலியாவின் மீர்மனும் பிரவுனும் 2014இல் போட்டுக் காட்டிய கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ மூச்சு வழியே கரியமில வாயுவாகப் போகும், 1.6 கிலோ நீராகும். அப்படியானால் வேகமாக மூச்சுவிட்டே இளைத்துவிடலாமா என்றால் முடியாது. செல் உண்டாக்கிய அளவுக்கு மேல் ஊதித் தள்ளினால் தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும்.

மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது மூளைத்தண்டில் உள்ள முகுளம். நாம் தூங்கினாலும் அது தாளத்தை விடுவதில்லை. பேசவும் பாடவும் கபடியில் ஒரே மூச்சில் பாடிச் செல்லவும் சிறிது நேரம் அதன் அதிகாரத்தை நாம் வாங்கிக்கொள்ள முடிகிறது, பிறகு அது நம்மை மீறிவிடும். மீறவைப்பது ஆக்சிஜன் குறைவு என்றுதான் தோன்றும். உண்மையில் கரியமில வாயுவின் சேர்க்கைதான் முதலில் முட்டுகிறது. அந்த வாயு மிகச் சிறிதளவு உயர்ந்தாலே மூச்சின் அளவு இரட்டிப்பாகிவிடும் என்று உடலியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் காட்டினார்கள். கழுத்துத் தமனிகளில் ஆக்சிஜனை உணரும் சிறு உறுப்புகள் இருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 60க்கு அருகே இறங்கும்வரை அவை அவ்வளவாகக் குரல் எழுப்புவதில்லை.

கொரோனா நோயாளிகளில் சிலர் ஆக்சிமீட்டர் 80 காட்டும்போதும் பேசிக்கொண்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தது மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. கரியமில வாயு நுரையீரல் சுவரை ஆக்சிஜனைவிட எளிதாகக் கடந்துவிடும் என்பதால் அது வெளியேறிக்கொண்டே இருந்ததும், அதனால் திணறல் உணர்வு எழாததும் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நீருக்கடியில் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வேகவேகமாக மூச்சுவிட்டுக்கொண்டு குதிப்பவர்களைக் கொல்வதும் இதே பொறிமுறைதான். அவர்கள் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதில்லை, எச்சரிக்கும் வாயுவை அப்புறப்படுத்திவிடுகிறார்கள். மேலே வர வேண்டும் என்ற முட்டல் எழுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நீச்சல் குளத்தில் பந்தயம் கட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

நெஞ்சறை, உதரவிதானம், நுண்ணறை என்ற இந்த அமைப்பு எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொது என்றாலும், ஒவ்வொன்றும் தன் வாழ்க்கைக்கு ஏற்ப அதை வளைத்துக்கொண்டிருக்கிறது. சுமார் 2 கிராம் எடையுள்ள எட்ரஸ்கன் மூஞ்சூறு நிமிடத்துக்கு 900 முறை வரை மூச்சுவிடும். திமிங்கலமோ நேர் எதிர். நாம் ஒரு மூச்சில் நுரையீரலின் காற்றில் பத்தில் ஒரு பங்கு அளவை மாற்றினால், அது ஒரே மூச்சில் பெரும்பகுதியையும் மாற்றிவிடுகிறது. ஆனால் அது ஆழத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிஜன் நுரையீரலில் இருப்பதைவிட ரத்தத்திலும், தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் என்ற புரதத்திலுமே அதிகம். அமெரிக்காவின் வட கரோலினா கடற்பகுதியில் கூவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 3 மணி 42 நிமிடம் மூழ்கியிருந்தது 2020இல் பதிவாக வெளிவந்தது. பாக் நீரிணையில் வாழும் கடற்பசு, நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் விலங்கு, அந்த அளவுக்குத் தாங்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மீன் போல அல்ல, மனிதரைப் போல மூச்சுமுட்டித்தான் சாகும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் நுரையீரல் சிறுநீரகத்தை எட்டும் அளவுக்கு முதுகோரமாக நீண்டு கிடப்பதால், உடல் நீரில் சாயாமல் கிடைமட்டமாக மிதக்க முடிகிறது.

யானையின் கதை வேறு. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே நீர்ப்படலம் உள்ள இடைவெளி இருக்கும் என்று மேலே சொன்னேனே, யானைக்கு அது கிடையாது. அந்த இடம் முழுவதும் தளர்வான இணைப்புத்திசுவால் நிரம்பியிருக்கிறது. துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு யானை நீந்தும்போது, நெஞ்சைச் சுற்றி இரண்டு மீட்டர் நீரின் அழுத்தம், நுரையீரலுக்குள்ளோ வெளிக்காற்றின் அழுத்தம். ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் பாதரச அளவுள்ள அந்த வேறுபாட்டில், நமக்கு இருப்பது போன்ற மெல்லிய உறையின் நாளங்கள் கிழிந்துவிடும். அதனால்தான் திசு அங்கே அடர்ந்துவிட்டது என்று நுரையீரல் அறிஞர் ஜான் வெஸ்ட் விளக்கம் தந்தார். இந்த அமைப்போடு யானையின் பேருடலையும் சேர்த்துப் பார்த்தால், நிலத்தில் அதன் மூச்சு எவ்வளவு தூரம் உதரவிதானத்தை நம்பியிருக்கிறது என்பது விளங்கும். மயக்க ஊசி போட்ட யானை நெஞ்சும் வயிறும் தரையில் பதிய விழுந்துவிட்டால், குடலின் எடை முழுவதும் உதரவிதானத்தை முன்னே நெருக்கி மூச்சை அடைத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் கயிறு போட்டு இழுத்தாவது, கும்கியைக் கொண்டு தள்ளியாவது அதைப் பக்கவாட்டில் புரட்டிவிட்ட பிறகுதான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள்.